ஆறு வரிசை மஞ்சள்

"23 நவம்பர், புதன், காலை 11.40. ஆரோக்கியமேரி நிலம், நான்கு ஏக்கர். பயிர் மஞ்சள். நேரில் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்."

என் நாட்குறிப்பில் அந்த நிலத்தைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். வருடத்தையும் கிராமத்தின் பெயரையும் இங்கே விட்டுவிடுகிறேன், விசாரணை இன்னும் முடியவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நாளும் நேரமும் மட்டும் குறிப்பில் உள்ளபடியே.

முப்பத்தொரு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். அத்தனை வருடமும் நாட்குறிப்பு எழுதினேன். "சார் தும்முனாக்கூட டைம் பாத்துத்தான் தும்முவாரு" என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். அரசாங்கப் பதிவேட்டில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறேன். நாட்குறிப்பில் அப்படி எழுதக் கை வந்ததில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. ஒருவேளை அதை யாரும் தணிக்கை செய்யமாட்டார்கள் என்பதால் இருக்கலாம்.

நீங்கள் தேர்வு எழுதி, புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பட்டா மாறுதல், அடங்கல், சான்றுகள் எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒரு கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் சும்மா இருந்த முப்பத்தெட்டு நாட்களைப் பற்றியும்.

சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். நான் போய் நான்காவது வருடம். மலையடிவாரத்தில் பதினொரு குடும்பங்களின் மானாவாரிக் கொல்லைகளை ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, தாழ்ந்த குரல். சேலத்தில் இருக்கும் ஒரு விவசாய நிறுவனத்துக்குப் பண்ணை பார்ப்பதாகச் சொன்னார். ஊரில் அவரைப் பண்ணைக்காரர் என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போட்டார், கம்பி வேலி போட்டார், மஞ்சள் வைக்கப்போவதாகச் சொன்னார். கொள்ளும் சாமையும் விளைந்த மண்ணில் மஞ்சளா என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

அவர் எனக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வரவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. பணம் நீட்டியிருந்தால் நான் உஷாராகியிருப்பேன். அந்த அளவுக்கு எனக்குப் பழக்கம் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர் கிடையாது. ஒரு சான்று வேண்டுமென்றால் மக்கள் பேருந்து ஏறி, கணினி மையத்தில் பிரின்ட் எடுத்து, மறுபடி என்னிடம் வந்து கையெழுத்து வாங்கவேண்டும். வயதானவர்களுக்கு ஒரு நாள் கூலி அதிலேயே போய்விடும். ஒரு செப்டம்பர் மாதத்தில் பண்ணைக்காரர் புது பிரிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "ஊர் சனங்களுக்குத்தான் சார், ஒங்களுக்கு இல்ல" என்றார். சின்னதாக ஒரு விழாவே நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அலுவலகப் பொருள் பட்டியலில் அதைச் சேர்க்கவேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினேன். சேர்க்கவில்லை.

நவம்பரில் பதினொரு குடும்பத்தார் பெயரிலும் விண்ணப்பம் வந்தது. இன்னார் நிலத்தில் மஞ்சள் சாகுபடி என்று சான்று வேண்டும். பண்ணைக்காரரே எல்லாவற்றையும் அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார்.

பயிர் ஆய்வுக்கு எங்கள் துறையில் அசமாயிஷ் என்று பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். நிலத்தில் இறங்கிப் பார்க்கவேண்டும். நடைமுறையில் என்ன செய்கிறோம் என்பதும் உங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். வண்டியை ரோட்டில் நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பார்வை. அப்போது வாக்காளர் பட்டியல் முகாம் வேறு. சனி, ஞாயிறுகூட வேலை. நான் தினமும் அந்த ரோட்டில்தான் போனேன். வேலிக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு மஞ்சள் இலை பச்சைப்பசேலென்று நின்றது. பார்த்துக்கொண்டேதானே போகிறோம் என்று நினைத்தேன். அவர் கொடுத்த பிரிண்டரிலேயே பதினொரு சான்றும் வந்தன. சூடு ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. மாசி முடிகிற நேரம். எங்கள் கிராம உதவியாளர் மாதம்மாள் அலுவலகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சார், நம்ம பண்ணையில மஞ்சளு வெட்டிட்டாங்களாமே?"

"வெட்டியிருப்பாங்க. சீசன்தானே."

"ஆரு வெட்டுனது?"

"ஆளு வெச்சி வெட்டியிருப்பாங்க மாதம்மா."

"அதான் கேக்கறேன், எந்த ஆளு? எங்க நாத்தனாரு வருஷா வருஷம் மஞ்சளு வெட்டத்தான் போவும். நாலு ஊருக்கு ஆளு சேக்கறதே அதுதான். அதயே யாரும் கூப்புடல. நாப்பது ஏக்கரா மஞ்சளு, பொம்பளைங்க கையி படாம தானா எந்திரிச்சி மூட்டையில போய் ஒக்காந்துக்குச்சா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மஞ்சள் அறுத்தவுடன் விற்கிற பண்டமில்லை. கிழங்கைத் தோண்டி, வேகவைத்து, வாரக்கணக்கில் காயவைத்து, மெருகேற்ற வேண்டும். எங்கள் பக்கத்துக்கு வேகவைக்கும் கொப்பரை வண்டி வைத்திருந்தவர் ஒரே ஒருவர். டிராக்டருக்குப் பின்னால் கொதிகலனைக் கட்டிக்கொண்டு கொல்லை கொல்லையாகப் போவார். அன்று சாயங்காலமே அவரை டீக்கடையில் பிடித்தேன்.

"அந்தப் பண்ணைக்கு எத்தன நாளு ஓட்டுனீங்க?"

"எந்தப் பண்ணைக்குங்க?"

சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "அந்தாண்ட என் வண்டி போவவே இல்லீங்களே. ஈரோட்டுலருந்து மெசினு வருதுன்னு சொன்னாங்க. நானும் பொறாமயில ரெண்டு தடவ போயி எட்டிப் பாத்தேன். பொகயே காணோம்."

நான் துப்பறியும் கதைகள் நிறையப் படித்தவன். அவற்றில் யாரோ செய்த ஒரு காரியம் தடயமாக விட்டுப்போகும். இங்கே யாரும் எதையும் செய்யாததுதான் தடயமாக இருந்தது. வெட்டப் போகாத பெண்கள், போகாத வண்டி, எழாத புகை.

மறுநாள் காலை ஆறரைக்கு வேலியில் ஒரு திறப்பு பார்த்து உள்ளே போனேன். எண்ணினேன். ரோட்டை ஒட்டி ஆறு வரிசை மஞ்சள். வெட்டாமல், இலை காய்ந்து மடிந்து கிடந்தது. ஏழாவது வரிசை இருக்கவேண்டிய இடத்தில் இடுப்புயரம்கூட வராத சீமைக்கருவேலம். அதற்கப்பால் மலை வரைக்கும் கருவேலம்தான்.

நின்ற இடத்திலேயே எனக்கு விஷயம் புரிந்தது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. எங்கேயோ கணக்கில் வராத பணம் இருக்கிறது. அதை மஞ்சள் விற்ற பணம் என்று காட்டினால் சுத்தமாகிவிடும். அதற்கு மூன்று காகிதம் வேண்டும். நிலம் இருக்கிறது என்பதற்குக் குத்தகைப் பத்திரம், அதை ஊர்க்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். விற்றாயிற்று என்பதற்கு ஒரு பில், அதை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். நடுவில், பயிர் விளைந்தது என்று அரசாங்கம் சொல்லவேண்டும். அதை நான் சொல்லியிருந்தேன், பதினொரு தடவை.

அன்றைய குறிப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். மேலே ஒருவருக்கும் எழுதவில்லை. ஓய்வுக்குப் பதினைந்து மாதம் இருந்தது. ஓய்வு பெறும் நாளில் மாலையும் கையுமாக வீட்டார் காத்திருக்க, பணியிடை நீக்க உத்தரவை வாங்கிக்கொண்டு போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே முப்பத்தெட்டு நாள் போனது. கையெழுத்துப் போட்டது என் சோம்பல். குற்றம் என்று நான் சொல்வது இந்த முப்பத்தெட்டு நாளைத்தான்.

ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை, காலை 11.20. பதிவுத் தபால் வந்தது. மாதம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கி என் மேசையில் வைத்தார். மொரப்பூரில் உள்ள ஒரு வங்கிக் கிளையிலிருந்து, மேலாளர் எழுதிய கடிதம். ஆரோக்கியமேரி என்பவரின் கணக்கில் மஞ்சள் விற்ற தொகையாக நாற்பத்திரண்டு லட்சம் வந்து, நான்கே நாளில் வேறு கணக்குகளுக்குப் போயிருக்கிறது. விற்பனை பில்லில் பொங்கலுக்கு முந்திய வாரத்துத் தேதி இருக்கிறது. அந்த வாரத்தில் சந்தைக்கு வருவது பொங்கல் பானையில் கட்டுகிற பச்சை மஞ்சள் கொத்துதானே, காய்ந்த மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்டிருந்தார். இணைத்துள்ள சாகுபடிச் சான்று உண்மையானதா என்று ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். அந்த மேலாளர் உங்கள் வயதுப் பெண். தேதியைப் படிக்கத் தெரிந்தவர்.

12.05-க்கு என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவரல்ல. எனக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரில் தருமபுரிக்குக் கூட்டிப்போனவர்.

"உண்மையச் சொல்லுங்க. நெலத்தப் பாத்தீங்களா?"

"பாக்கல சார்."

"விண்ணப்பத்துல கையெழுத்து யாரோடது?"

"அந்தம்மாவோடதுதான்."

"அப்பறம் என்ன? விண்ணப்பதாரர் தவறான தகவல் குடுத்துச் சான்று வாங்கிட்டாங்கன்னு எழுதுங்க. கள ஆய்வு செஞ்சதுல தெரிய வந்திச்சி, சான்ற ரத்து பண்றோம்னு முடிச்சிருங்க. நீங்க வெளிய வந்துருவீங்க."

"அந்தம்மா உள்ள போயிருவாங்களே சார்."

"அது போலீசு பாக்கற வேல. நீங்க ஒங்க வேலயப் பாருங்க."

நாட்குறிப்பில் 'பார்க்கவில்லை' என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர் மிகவும் கனிவாகச் சொன்னார். "யாருய்யா ஒங்கள டைரி எழுதச் சொன்னது? அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடுங்க. பென்ஷன் வாங்கணுமா வேணாமா?"

அதே நாள், மாலை 4.10. பண்ணைக்காரர் வந்தார். நான் கூப்பிடவில்லை. உட்கார்ந்தவர் முதலில் மேசையின் ஓரத்தைப் பார்த்தார்.

"பிரிண்டர் நல்லா ஓடுதுங்களா சார்?"

"ஓடுது."

"டோனர் தீந்தா ஒரு வார்த்த சொல்லுங்க. நம்ம ஆபீசுதான இது." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேங்குக்காரங்க லெட்டர் போட்டிருப்பாங்க. சும்மா ரொட்டீனுங்க சார். 'சான்று சரி'ன்னு ஒத்த வரி. மேரியம்மாவும் நிம்மதியா இருக்கும்."

"லெட்டர் வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன ஊருங்க சார்" என்று சிரித்தார். போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். பொன்னாடையோடு நான், பக்கத்தில் பிரிண்டர் பெட்டி. "அன்னிக்கு ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தேன். நல்லா விழுந்திருக்கீங்க சார். நான் ரசீதுகூடக் கேக்கல பாருங்க. இது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கற ரசீது."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

காலையில் கடிதம் வந்தது, மாலையில் அவருக்குத் தெரிகிறது. தெரிந்தவர்கள் மூன்றே பேர். கடிதத்தை எழுதிய வங்கி மேலாளர், நான் போனில் சொன்ன மேலதிகாரி, தபாலை வாங்கிய மாதம்மாள். மூன்று பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். மாதம்மாளின் மகன் பண்ணை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் என்பது நினைவுக்கு வந்தது. அவர் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை ஆரோக்கியமேரி வந்தார். கணவர் இறந்து ஆறு வருடம் ஆனவர். மகளைப் பெங்களூருவில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அன்று காலைதான் வங்கியிலிருந்து அவருக்கும் கடிதம் வந்திருந்தது. அதைப் பாஸ்புத்தகத்துக்குள் மடித்து வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சார், இதுல நாப்பத்தி ரெண்டு லச்சம்னு போட்டிருக்குதாம். பக்கத்து வூட்டுப் புள்ள படிச்சிச் சொன்னா. மாதா மேல சத்தியம் சார், நாப்பத்தி ரெண்டு நோட்டுகூட நான் சேத்துப் பாத்ததில்ல."

"கணக்கு யாரு தொறந்தது?"

"அவருதான் கார்ல கூட்டிட்டுப் போனாரு. குத்தகப் பணம் பேங்குலதான் போடுவோம்னாரு. செக்கு புக்குல எல்லாத் தாள்லயும் கையெழுத்துக் கேட்டாரு. போட்டன். வருஷத்துக்குப் பத்தாயிரம் குடுத்தாரு சார், பொய் சொல்லக்கூடாது, அத கரெக்டா குடுத்தாரு."

"விண்ணப்பத்துல போட்டீங்களே, அது என்னன்னு தெரியுமா?"

"நெலத்துல மஞ்சளு இருக்குதுன்னு எழுதியிருக்குன்னாரு. நானும் ரோட்டுலருந்து பாத்தன், இருந்துச்சே சார்?" என்றவர், "நீங்களும் பாத்துத்தான கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் பாஸ்புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார். "போலீசு வருமா சார்? அந்த நாலு ஏக்கராவ எடுத்துக்குவாங்களா? வுட்டுட்டுப் போன மனுசன், வித்துராத மேரின்னுட்டுத்தான் கண்ண மூடுனாரு. அதனாலதான் குத்தகைக்கு வுட்டேன்."

அப்போதுதான் எனக்கு இருந்த வழிகள் தெளிவாகத் தெரிந்தன. 'சான்று சரி' என்று எழுதினால் அந்தப் பணம் மேரியம்மாளின் பணமாகிவிடும். இன்றில்லாவிட்டாலும் என்றைக்காவது கேள்வி வரும்போது அவர் வாசலில்தான் வண்டி நிற்கும். மேலதிகாரி சொன்னபடி எழுதினால், பொய் சொல்லி அரசாங்கத்தை ஏமாற்றியவர் மேரியம்மாள். இரண்டிலும் நான் தப்பிப்பேன், அவர் மாட்டுவார். அவர் ஏமாற்றவில்லை என்று காட்ட ஒரே ஒரு சாட்சி இருந்தது. அந்த நிலத்தைப் பார்க்கவேண்டியவனே பார்க்காமல் கையெழுத்துப் போட்டான் என்று அன்றைக்கே எழுதிவைத்த அந்த நான்கு வரி.

உடனே எழுதிவிட்டேன் என்று சொன்னால் பொய். திங்கட்கிழமையும் எழுதவில்லை. அதற்குப் பதில் இன்னொரு காரியம் செய்தேன். நான்கு வருடமாகப் பூட்டாத மேசை டிராயரை, மாதம்மாள் உள்ளே வரும்போது பூட்டினேன். டீ வாங்கிவரக்கூட அவரை அனுப்பவில்லை. மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தவர், மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னயத்தான சந்தேகப்படறீங்க? வாயத் தொறந்து கேட்டுருங்க சார். கேட்டா பதிலு சொல்லுவேன். பூட்டுக்கு என்னாத்த பதிலு சொல்றது?"

கேட்டேன். "லெட்டர் வந்தத பண்ணைக்காரருக்கு யாரு சொன்னது மாதம்மா? உங்க பையன் அங்கதான வண்டி ஓட்டுறான்?"

"ஓட்டுனான். பிப்ரவரியிலயே வுட்டுட்டான். ரெண்டு மாச சம்பளத்த முழுங்கிட்டாரு அந்தாளு. அவருக்குப் போனப் போட்டு நானு சேதி சொல்றனா?" அவர் குரல் உயர்ந்தது. வெளியே சாதிச் சான்றுக்குக் காத்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். மஞ்சளு வெட்டலன்னு மொதமொதல்ல ஒங்ககிட்டச் சொன்னது ஆரு?"

"நீங்கதான்."

"மாசியில சொன்னேன். சித்திர பொறந்து பத்து நாளாச்சி. இத்தன நாளும் கம்முனு இருந்தது ஆரு?"

நான் டிராயரைத் திறந்தேன். நாட்குறிப்பை எடுத்து, பென்சில் கோட்டை அழித்தேன். அவர் சொன்னதை நான் நம்பினேன் என்று இன்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. அவர் மகன் எந்தத் தேதியில் வேலையை விட்டான் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் ஒருவரைச் சந்தேகப்படுவதில் மும்முரமாக இருந்தால் என் வேலையைச் செய்யாமல் இருக்கலாம் என்பதை அந்த நிமிடத்தில் கண்டுகொண்டேன். நீங்களும் கவனித்துப் பாருங்கள். அலுவலகத்தில் யார் போட்டுக்கொடுத்தது என்கிற பேச்சு சூடாக நடக்கிற நாளில், எதைப் போட்டுக்கொடுத்தார்கள் என்பதை யாரும் பேசமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மேரியம்மாளையும் மாதம்மாளையும் கூட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனேன். வேலிக்குள் மேரியம்மாள் வந்தது குத்தகைக்கு விட்டபிறகு அதுதான் முதல்முறை. ஆறு வரிசையைத் தாண்டியதும் நின்றுவிட்டார். முள்காட்டைப் பார்த்தார். நான் படம் எடுத்தேன், அடியெடுத்து அளந்தேன், மணி எழுதினேன், 8.15. திரும்பும்போது அவர் குனிந்து, காய்ந்த தூர் ஒன்றைப் பிடித்துக் கையாலேயே மண்ணைப் பறித்து இழுத்தார். தண்ணீர் காணாத கிழங்கு. நான்கு விரல் அளவு.

"நாப்பத்தி ரெண்டு லச்சத்துல எங்கைக்கு வந்தது இதான் சார்" என்று சொல்லி அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கொளம்புக்காச்சும் ஆவும், பத்திரமா வெய்யி" என்றார் மாதம்மாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 27, வியாழக்கிழமை, மதியம் 2.30-க்குப் பதிலைக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. நிலத்தை நேரில் பார்க்காமல் பதினொரு சான்று அளித்தேன். விண்ணப்பதாரர்கள் என்னை ஏமாற்றவில்லை, நான் ஆய்வு செய்திருந்தால் சான்று அளித்திருக்க முடியாது. மார்ச் 15 அன்று உண்மை தெரிந்தும் தெரிவிக்கவில்லை. குத்தகைதாரரிடமிருந்து அலுவலகத்துக்கு ஒரு பிரிண்டர் பெறப்பட்டு, பட்டியலில் சேர்க்கப்படவில்லை. நாட்குறிப்புப் பக்கத்தின் நகல் இணைப்பு. வங்கிக்கு ஒன்று, மேலே ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று. பிரிண்டரைப் பெட்டியில் கட்டி, மேலே அனுப்பி, ஒப்புகை வாங்கினேன்.

மேலதிகாரி அன்று இரவு போன் செய்து, "நான் சொன்னத அதுல எழுதலையே?" என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை என்றேன். அது சரியா தவறா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. நீங்கள் என்னைவிடத் தைரியசாலிகளாக இருக்கக்கூடும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேரியம்மாளை விசாரணைக்குச் சென்னைக்கு இருமுறை கூப்பிட்டார்கள். மாதம்மாள் துணைக்குப் போனார். மொரப்பூரில் ரயிலேற்றிவிட நான் போனேன். இரண்டாவது முறை அவரிடம் வாங்கியது சாட்சி வாக்குமூலம். அவருடைய விதவை உதவித்தொகை ஐந்து மாதம் நின்று, பிறகு வந்தது. நான்கு ஏக்கரும் அவர் பெயரிலேயே இருக்கிறது. வேலி போய்விட்டது, கருவேலம் அப்படியே நிற்கிறது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஊதிய உயர்வு நின்றது. ஓய்வு நாளில் மாலை போட்டார்கள், பணிக்கொடை மட்டும் இன்னும் வரவில்லை. இப்போது பாப்பாரப்பட்டியில் இருக்கிறேன். அந்தக் கிராமத்து மக்கள் மறுபடி கணினி மையத்துக்குப் பேருந்தில் போகிறார்கள். அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பணம் முதலில் யாருடையது என்று எனக்குத் தெரியாது. மணல் பணம் என்றும், சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தவர்களின் பணம் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பண்ணைக்காரர் வேறு மாவட்டத்தில் பருத்தி போடுவதாகக் கேள்வி. அங்கே இருக்கிற உங்களில் யாராவது ரோட்டிலிருந்து இறங்கி ஏழாவது வரிசை வரை நடந்து பாருங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஏப்ரல் 21 அன்று காலை 11.20-க்கும் மாலை 4.10-க்கும் நடுவில், கடிதம் வந்த செய்தியைப் பண்ணைக்காரருக்குச் சொன்னது யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. பென்சில் கோடு அழித்த பெயர் அல்ல, வேறொன்று. என் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் அதைச் சொல்லச்சொல்லி வற்புறுத்தியிருக்கிறார்கள். எழுதிவைத்தாலாவது போதும் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

நேரில் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை.